ஈகிள் விண்கலம்: ரெசின் கிட்டா, பிளாஸ்டிக் கிட்டா, வீட்டிலேயே அச்சிடுவதா?

‘ஸ்பேஸ்: 1999’ தொலைக்காட்சித் தொடரில் வந்த ஈகிள் விண்கலத்தை மாடலாகக் கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இல்லையென்றால் கட்டி முடித்த மாடலின் படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். இரண்டையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கலத்தின் எலும்புக்கூட்டை முதலில் பாருங்கள் என்பதே என் யோசனை. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் கிட்டை ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) வாங்குவதா, பிளாஸ்டிக்கில் வாங்குவதா, பாகங்களை வீட்டு 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்வதா என்ற கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

1975 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘ஸ்பேஸ்: 1999’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்காக பிரையன் ஜான்சன் வடிவமைத்த கலம் இது. வழவழப்பான ராக்கெட் உடல் இதற்குக் கிடையாது. முன்னால் அலகு மாதிரிக் கூர்ந்த விமானி அறை. நடுவில் கழற்றி மாற்றக்கூடிய பயணிகள் அறை. பின்னால் உருண்டையான எரிபொருள் கலன்கள், அவற்றையொட்டி எஞ்சினின் மணி வடிவக் குழல்கள். நான்கு மூலைகளிலும் கால்களுடன் கூடிய பெட்டிகள். இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது, ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் போல முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய ஒரு குழாய்ச் சட்டம். அது நேராக இருந்தால் கலம் பறக்கத் தயாராக நிற்பதுபோல் தெரியும். ஒரு மூலையில் இரண்டு மில்லிமீட்டர் கோணினாலும் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாது. எவ்வளவு நன்றாக பெயின்ட் அடித்தாலும் அந்தக் குறை மறையாது.

படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்ட மாதிரிகள் 44, 22, 11, ஐந்தரை அங்குலம் என்று பல அளவுகளில் இருந்தன. பெரிய மாதிரிகளின் சட்டம் உலோகக் குழாய்களால் ஆனது. மேல்பரப்பில் காணும் சின்னஞ்சிறு கருவிகளும் குழாய்களும் கடையில் கிடைத்த பிளாஸ்டிக் கிட்களிலிருந்து எடுத்து ஒட்டிய உதிரிகள். அந்தக் கலைஞர்கள் ஒரே பொருளால் முழுக் கலத்தையும் செய்ய முயலவில்லை. எந்தப் பாகம் எந்தப் பொருளைக் கேட்டதோ அதையே கொடுத்தார்கள். நாமும் அந்த வழியில் யோசித்தால் பணமும் மிஞ்சும், மாடலும் நேராக நிற்கும்.

பிளாஸ்டிக் வழியில் இன்று மூன்று அளவுகள் இருக்கின்றன. 1970-களில் அமெரிக்காவில் எம்.பி.சி. நிறுவனமும் பிரிட்டனில் ஏர்பிக்ஸ் நிறுவனமும் விற்ற, ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள பழைய கிட் ஒன்று. அது மறுபதிப்பாகவும் வந்தது. அதன் உடல் விகிதமும் நுணுக்கங்களும் திரையில் பார்த்த கலத்தோடு பொருந்தவில்லை. சிறு வயதில் அதைக் கட்டியவர்களுக்கு அதன்மீது பாசம் இருக்கும். அந்தப் பாசத்துக்காக வாங்கலாம், துல்லியத்துக்காக வாங்க வேண்டாம். அடுத்து, ரவுண்ட் 2 நிறுவனம் எம்.பி.சி. பெயரில் புதிதாக அச்சு வெட்டி வெளியிட்ட 1/48 அளவு (கதையில் வரும் கலத்தின் நீளத்தில் 48-இல் ஒரு பங்கு) கிட். படப்பிடிப்பு மாதிரிகளில் ஒன்றின் அதே 22 அங்குலம், அதாவது 56 சென்டிமீட்டர் நீளம். அதே நிறுவனத்தின் 1/72 அளவு கிட் மூன்றாவது. நீளம் 37 சென்டிமீட்டரை ஒட்டி வரும்.

22 அங்குல கிட் வருவதற்கு முன்பு, துல்லியமான பெரிய ஈகிள் வேண்டுமென்றால் ரெசினைத் தவிர வேறு வழி கிடையாது. ஒருவரோ இருவரோ சேர்ந்து வீட்டுப் பட்டறையில் மூல மாதிரியைச் செதுக்கி, சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, பாலியூரித்தேன் ரெசினை ஊற்றிச் சிறு எண்ணிக்கையில் விற்ற கிட்கள்தான் அன்றைய ரசிகர்களுக்குக் கிடைத்தவை. இந்தத் துறை உயிரோடு இருப்பதே அப்படிப்பட்டவர்களால்தான். பெரிய நிறுவனங்கள் எஃகு அச்சு வெட்டுவதற்குப் பெரும் முதலீடு வேண்டும். பல்லாயிரம் பிரதிகள் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். முப்பது நாற்பது பேர் மட்டுமே கேட்கும் ஒரு கலத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். சிலிக்கோன் அச்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில பத்து வார்ப்புகளுக்குப் பிறகு அது கிழிந்து தேய்ந்துவிடும், அவ்வளவுதான்.

வாங்குகிறவர் அந்தத் தேய்மானத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். ஒரே கிட்டின் ஐந்தாவது வார்ப்பும் நாற்பதாவது வார்ப்பும் ஒன்றல்ல. பின்னால் வந்தவற்றில் கோடுகள் மழுங்கியிருக்கும், அச்சு கிழிந்த இடத்தில் ரெசின் கட்டியாகப் பிதுங்கியிருக்கும். ஆகவே விற்பவரிடம் கட்டி முடித்த மாடலின் படத்தைக் கேட்காதீர்கள். பெட்டியில் வரப்போகும் அதே வார்ப்புகளின் படத்தை, பெயின்ட் அடிக்காத நிலையில் கேளுங்கள். அழுத்தக் கலனில் வைத்து வார்த்தாரா என்றும் கேளுங்கள். அழுத்தத்தில் வார்த்தால் காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். வெறுமனே ஊற்றினால் அலகின் கூர்முனை, காலின் விளிம்பு போன்ற இடங்களில் குமிழி தங்கும்.

ரெசின் கிட்டின் முதல் மாலை முழுவதும் கழுவுவதற்கே போய்விடும். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை எல்லாப் பாகங்களிலும் ஒட்டியிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் பழைய பல்துலக்கியும் போதும். கழுவாமல் விட்ட இடத்தில் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிடிக்காது. மறைப்பு டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும். பிறகு ரெசின் ஊற்றிய வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையை அறுக்க வேண்டும். ஈகிளின் விமானி அறையில் அது பெரும்பாலும் பின்சுவரில் இருக்கும், விரல் பருமனுக்கு. பல் நெருக்கமான மெல்லிய ரம்பத்தால், கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி அறுத்து, மீதியைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்த உப்புத்தாளில் நீர்விட்டுத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நீர்விட்டுத் தேய்த்தாலும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதில்தான் பெரிய வேறுபாடு. பிளாஸ்டிக் கிட்டுக்கான சிமென்ட் (கட்டடச் சிமென்ட் அல்ல, ஒரு திரவப் பசை), அந்த பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகங்களையும் உருக்கி இணைக்கிறது. காய்ந்த பிறகு அது ஒட்டு அல்ல, ஒரே துண்டு. காய்வதற்குள் கோணத்தைத் திருத்திக்கொள்ளவும் சிறிது நேரம் கிடைக்கும். பாலியூரித்தேனை அந்த சிமென்ட் தொடவே தொடாது. சூப்பர் குளூ அல்லது இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்ஸி மட்டுமே வழி. சூப்பர் குளூ நேர் இழுவையைத் தாங்கும், பக்கவாட்டு அடியைத் தாங்காது; சட்டென்று விட்டுவிடும். அதனால் எடை தாங்கும் இணைப்பு ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, உள்ளே பித்தளைக் கம்பி செருகி எபாக்ஸி விட வேண்டும். ஈகிளில் அப்படிப்பட்ட இணைப்புகள் ஏராளம். காலும் பெட்டியும் சேருமிடம், பெட்டியும் சட்டமும் சேருமிடம், சட்டமும் விமானி அறையும் சேருமிடம் என்று வரிசையாகத் துளையிட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். துளை கால் மில்லிமீட்டர் விலகினாலும் எதிர்ப்பக்கத் துளையை அகலப்படுத்தித்தான் சரிசெய்ய முடியும்.

எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ரெசின் என்ற பொருளே கனமானது என்பார்கள். பாலியூரித்தேன், பாலிஸ்டைரீன் இரண்டின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிளாஸ்டிக் கிட் உள்ளே வெற்றிடமான ஓடு. ரெசின் பாகம் பெரும்பாலும் உள்ளேயும் நிறைந்த கட்டி. கனம் அதனால் வருகிறது. அந்தக் கனம் நான்கு மெல்லிய கால்களின்மேல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பாலியூரித்தேன் சூட்டில் இளகும் என்பது இன்னொரு சிக்கல். கோணிப்போன ரெசின் பாகத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, கையால் நேராக்கி, குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அப்படியே நின்றுவிடும். பழுதை எளிதாகத் திருத்த உதவும் குணம் அது. அதே குணம், மே மாத வெயிலில் மேல்மாடி அறையில் வைத்த மாடலின் கால்களை மெதுவாக அகட்டியும் விடும். பாலிஸ்டைரீன் இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். நம் ஊரில் கட்டுகிறவர் இங்கிலாந்தில் கட்டுகிறவரைவிட இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரெசின் ஈகிள் வாங்கினால் கால்களுக்குள் பித்தளையோ எஃகோ ஓடட்டும். கண்ணாடிப் பெட்டியை ஜன்னல் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

இனி அந்தக் குழாய்ச் சட்டத்துக்கு வருகிறேன். ரெசினில் வார்த்த நீண்ட மெல்லிய குழாய் எதையும் நான் நம்புவதில்லை. வரும்போதே வளைந்திருக்கும், நேராக்கினாலும் மறுபடி வளையும். நல்ல ரெசின் கிட் தயாரிப்பவர் இதை அறிந்தே சட்டத்துக்குப் பித்தளைக் குழாய்களை அளவுக்கு வெட்டிக் கொடுத்துவிடுவார், அல்லது உங்களையே வெட்டிக்கொள்ளச் சொல்வார். அப்படியானால் ஈயப்பற்று (சால்டரிங்) வைக்கத் தெரிய வேண்டும். குறுக்குக் குழாய் ஒன்றைப் பற்றவைக்கும்போது, பக்கத்தில் ஏற்கெனவே வைத்த பற்று சூட்டில் இளகிவிடாமல் ஈரப் பஞ்சால் மூடி வைப்பது, சட்டத்தின் கூண்டுகள் கோணாமல் சரியான அளவில் வர மரக்கட்டையில் ஆணியடித்துச் சட்டகம் செய்துகொள்வது எல்லாம் பழகிய கைக்கு இன்பமான வேலை. முடித்த பித்தளைக் கூண்டைக் கையில் எடுத்தால் அதன் விறைப்பும் கனமும் தரும் நிறைவை வேறெந்த வழியும் தராது. ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலையே தொடாதவருக்கோ கிட் பாதியில் நின்றுபோகும் இடமும் அதுவேதான்.

22 அங்குல பிளாஸ்டிக் கிட்டில் இந்தச் சட்டம் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டு வருகிறது. எந்த முனை எந்தக் குழிக்குள் அமர வேண்டும் என்பதை வடிவமைத்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள். பொறுமையாக ஒட்டினால் நேராக வரும். பித்தளையின் விறைப்பு இராது; தூக்கும்போது சட்டத்தைப் பிடிக்காமல் பெட்டிகளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும். அதைக் கத்தி முனையால் சுரண்டி நீக்குவது சலிப்பான வேலைதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஈகிள் வெள்ளை நிறக் கலம்; மெல்லிய நிழல்கூட வெள்ளையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

வீட்டில் அச்சிடுவதைப் பற்றி இப்போது பலரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் இறுகும் திரவ ரெசினை அடுக்கடுக்காக, ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர் என்ற அளவில் உறையவைக்கும் சிறு பிரிண்டர்கள் ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்கே கிடைக்கின்றன. நுணுக்கத்தில் இவை சிலிக்கோன் வார்ப்புக்குச் சளைத்தவை அல்ல. குமிழிப் பிரச்சினையும் இல்லை. ஈகிளின் உருண்டைக் கலன்கள், பக்கவாட்டு உந்து குழல்கள், விமானி அறை இருக்கைகள் போன்ற சிறு பாகங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இன்று இல்லை என்றே சொல்வேன். ஒரு பாகம் உடைந்தால் மறுநாள் காலை இன்னொன்று கையில் இருக்கும்.

முழுக் கலத்தையும் அச்சிடுவது வேறு கதை. சிறு பிரிண்டரின் தட்டு ஒரு கையளவுதான். 56 சென்டிமீட்டர் கலத்தைப் பல துண்டுகளாக வெட்டித்தான் அச்சிட முடியும். ஒவ்வொரு வெட்டும் ஒரு மூட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, மேல்பரப்பில் அழிந்த கோடுகளை மறுபடி கீற வேண்டும். அச்சிடும்போது முட்டுக் கொடுத்த சிறு தூண்கள் ஒடிந்த இடமெல்லாம் புள்ளிகளாக நிற்கும். உட்புறம் வெற்றிடமாக அச்சிட்ட பாகத்தில் வடிகால் துளை விடாவிட்டால், உள்ளே தேங்கிய இறுகாத ரெசின் மாதங்கள் கழித்துச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியேறும், பெயின்ட் அடித்து முடித்த பிறகும். அச்சிட்ட மெல்லிய குழாய்களோ வார்த்த ரெசினைவிட எளிதில் முறிபவை. ஆகவே இந்த வழியிலும் சட்டத்துக்குப் பித்தளையிடம்தான் போக வேண்டும்.

இறுகாத ரெசினைக் கையால் தொடக்கூடாது. ஒவ்வாமை ஒருமுறை தொற்றிக்கொண்டால் பிறகு துளி பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமுள்ள தனி இடம், கழுவுவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கழுவிய அழுக்கு ஆல்கஹாலைச் சாக்கடையில் கொட்டாமல் வெயிலில் வைத்து ரெசின் படிந்து இறுகிய பின் வடிகட்டும் ஒழுக்கம் எல்லாம் வேண்டும். ஒரே அறையில் குழந்தைகளோடு படுத்துறங்கும் குடும்பத்தில் இந்த பிரிண்டரை வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

விலையைக் கணக்கிடும்போது பலர் கிட்டின் விலையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ரெசின் கிட்டுக்கு வெளிநாட்டு கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேரும். பெட்டி கனமாக இருப்பதால் கூரியரும் கூடும். அதன்மேல் எபாக்ஸி, பித்தளை, துளையிடும் ஊசிகள், ஊசித் துளைகளை அடைக்கப் பட்டி. பாகம் ஒன்று குறைந்தாலோ உடைந்து வந்தாலோ, சிறு தயாரிப்பாளரிடம் மாற்றுப் பாகம் கிடைப்பது அவருடைய நல்ல மனதையும் அச்சின் உடல்நிலையையும் பொறுத்தது. பணம் அனுப்புவதற்கு முன்பே அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக மலிவாக ஒரு ரெசின் ஈகிள் கண்ணில் பட்டால் ஒதுங்கிப் போங்கள். ஒருவர் மாதக்கணக்கில் செதுக்கிய மாதிரியை வாங்கி, அதிலிருந்தே அச்செடுத்து விற்கும் திருட்டு வார்ப்பாக அது இருக்கக்கூடும். அவருடைய உழைப்பைக் களவாடுவது முதல் குற்றம். அந்தக் களவுக்குத் துணைபோனால் அடுத்த கலத்தைச் செதுக்க அவர் முன்வரமாட்டார், நாம் எல்லோரும் இழப்போம். வாங்கியவருக்கும் நட்டம்தான். வார்ப்பிலிருந்து வார்ப்பெடுக்கும்போது ரெசின் சுருக்கம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு சதவிகிதம் சுருங்கினாலே 56 சென்டிமீட்டரில் ஐந்தரை மில்லிமீட்டர் குறையும். மூலக் கலத்துக்கு வெட்டிய உலோகக் குழாய் அதில் உட்காராது.

என் முடிவு இது. முதல்முறை ஈகிள் கட்டுகிறவர் 22 அங்குல பிளாஸ்டிக் கிட்டை வாங்கட்டும். இடம் போதாதவர் 1/72-ஐ எடுத்துக்கொள்ளட்டும். அதில் இழப்பது அதிகமில்லை. பெரிய கிட்டுக்கென்று தனியே விற்கும் உலோக எஞ்சின் மணிகளுக்குச் செலவு செய்வது தகும். மெருகேற்றிய அலுமினியத்தின் ஒளிர்வை எந்த வெள்ளி பெயின்ட்டாலும் கொண்டுவர முடியாது. சொந்தமாக பிரிண்டர் இருந்தால், அல்லது அச்சிட்டுத் தரும் நண்பர் இருந்தால், விமானி அறையின் உட்புறத்தை மட்டும் அச்சிட்டு உள்ளே வையுங்கள்.

ரெசின் கிட்டை நான் பரிந்துரைப்பது இரண்டு பேருக்கு. ஈயப்பற்றில் கை தேர்ந்து, படப்பிடிப்பில் பயன்பட்ட குறிப்பிட்ட ஒரு மாதிரியை அதன் உதிரிகள் வரை அப்படியே மறுபடைக்க விரும்புகிறவர் ஒருவர். பிளாஸ்டிக்கில் வராத கலம் ஒன்றின்மேல் மனதைப் பறிகொடுத்தவர் இன்னொருவர். இரண்டாமவரிடம் ஒரு வேண்டுகோள்: அந்தக் கலம் பிளாஸ்டிக்கில் வரப்போகிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் டிஸ்கவரி கலத்துக்குப் பல ஆண்டுகள் ரெசின்தான் கதியாக இருந்தது, பிறகு மோபியஸ் நிறுவனம் 1/144 அளவில், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் பிளாஸ்டிக் கிட்டையே கொண்டுவந்துவிட்டது. நீண்ட முதுகெலும்பு கொண்ட அந்தக் கலத்துக்கு, மேலே சொன்ன வளைவுப் பிரச்சினை ஈகிளைவிடவும் அதிகம். உருண்டு திரண்ட, கைக்கு அடக்கமான கலங்களில் ரெசின் தன் முழுத் திறமையையும் காட்டும். நீண்டு மெலிந்தவற்றில் அது திணறும்.

ஏற்கெனவே ரெசின் ஈகிளை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு விற்கப் போக வேண்டாம். எல்லாப் பாகங்களையும் கழுவி, முதலில் மெல்லிய சாம்பல் நிற பிரைமர் ஒரு சுற்று அடியுங்கள். வெறும் ரெசினில் தெரியாத ஊசித் துளைகள் அப்போதுதான் வெளிப்படும். மழைநாளில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். பிறகு சட்டத்தையும் நான்கு கால் பெட்டிகளையும் மட்டும் எபாக்ஸி இல்லாமல் கம்பிகளால் செருகி, ஒரு தடித்த கண்ணாடிப் பலகைமேல் நிறுத்துங்கள். ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். எந்தப் பாதத்துக்கு அடியில் காகிதம் தடையில்லாமல் ஓடுகிறதோ அந்த மூலைக் கம்பியைச் சற்று வளைத்துத் திருத்துங்கள். நான்கு காகிதங்களும் ஒரே மாதிரி சிக்கி நிற்கும்வரை எபாக்ஸியின் மூடியைத் திறக்க வேண்டாம்.